லாட்டரியா, ஆன்லைன் ஸ்லாட்டா: ஜாக்பாட் அடிக்க எதில் வாய்ப்பு அதிகம்?

ஈஸ்ட்ஹாம் குமரன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வேர்ஹவுஸில் பிரேக் நேரத்தில் தினமும் ஒரே சண்டை. நான் புதனும் சனியும் பிரிட்டன் லாட்டரியான லோட்டோ எடுப்பவன். வாரம் 4 பவுண்டு, அதற்கு மேல் போவதில்லை. கூட வேலை பார்க்கும் பையன் போனில் ஸ்லாட் ஆடுகிறான், பட்டனை அமுக்கினால் படங்கள் சுற்றி நின்று ஒத்துவந்தால் காசு தரும் விளையாட்டு. "லாட்டரியில போடுற காசுல பாதிதான் பரிசா திரும்புது. ஸ்லாட்டுல 95 விழுக்காடு திரும்புது, ஜாக்பாட்டும் மில்லியன் கணக்குல. யாரு ஏமாளி?" என்று கேட்கிறான். அந்த 95 என்கிற எண் விளையாட்டுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. போனைத் திறந்து காட்டினான்.

பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கே கணக்கு தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். சூதாட்டம் கெட்டது என்ற அறிவுரை வேண்டாம், அதை வீட்டில் கேட்டுக்கொள்கிறேன். எதில் வாய்ப்பு அதிகம், அதை மட்டும் சொல்லுங்கள்.

விருதுநகர் வாத்தியார்

லாட்டரி பாதி எளிது. ப்ளஸ் டூ சேர்வுக் கணக்கு போதும். பிரிட்டன் லோட்டோவில் 59 எண்களில் 6 எடுக்க வேண்டும். 59 × 58 × 57 × 56 × 55 × 54, இதை 720 ஆல் வகுங்கள். 4,50,57,474 வரும். உங்கள் ஒரு வரிக்கு ஜாக்பாட் வாய்ப்பு நாலரைக் கோடியில் ஒன்று.

2015 அக்டோபருக்கு முன் 49 எண்கள்தான் இருந்தன. அப்போது 1,39,83,816 இல் ஒன்று. பத்தே பத்து எண்களைக் கூட்டினார்கள், வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. ஜாக்பாட் அடிக்கடி விழாமல் அடுத்த குலுக்கலுக்கு உருண்டு பெருத்தால்தான் கூட்டம் வரும் என்பது அவர்கள் கணக்கு.

அமெரிக்க பவர்பால் லாட்டரியும் அதே ஆண்டு, அதே மாதம் இந்த வேலையைச் செய்தது. 69 இல் 5, கூடவே 26 இல் 1. வாய்ப்பு 29 கோடியே 22 லட்சத்தில் ஒன்று. மூன்றே மாதத்தில், 2016 ஜனவரியில், ஜாக்பாட் 150 கோடி டாலரைத் தாண்டியது. 2022 நவம்பரில் 200 கோடியையும் தாண்டியது.

புதன், சனி இரண்டுக்கும் ஒவ்வொரு வரி எடுத்தால் ஆண்டுக்கு 104 வரி. சராசரியாக 4,33,000 ஆண்டுக்கு ஒருமுறை உங்களுக்கு ஜாக்பாட். வாழ்த்துகள்.

ஸ்லாட் பாதி எனக்குத் தெரியாது. ரீல்கள் (சுற்றும் படச் சக்கரங்கள்) எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை படம், ஒவ்வொரு படத்துக்கும் என்ன எடை (எவ்வளவு அடிக்கடி விழும்) என்று சொன்னால் போடுகிறேன். சொல்ல மாட்டார்கள்.

செரங்கூன் செல்வம்

சிங்கப்பூர் டோட்டோ இன்னும் 49 இல் 6தான் வாத்தியாரே. உங்கள் பழைய 1.4 கோடி. விற்பனையில் 54 விழுக்காடு பரிசுக்கு என்று அறிவித்தே நடத்துகிறார்கள்.

ஆனால் நம்மவர்கள் டோட்டோவைவிட நாலு இலக்க எண் மீது கட்டும் நாலு நம்பர் லாட்டரியில்தான் அதிகம் விழுந்து கிடக்கிறார்கள். எங்கேயாவது கார் இடித்துக்கொண்டால் அடிபட்டவனைப் பார்ப்பதற்கு முன் நம்பர் பிளேட்டைப் பார்ப்பார்கள். அதன் கணக்கைக் கேளுங்கள். பெரிய பந்தயம் 1 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490. அப்புறம் 250 வெள்ளியில் பத்து, 60 வெள்ளியில் பத்து. எல்லாம் கூட்டினால் 6,590. மொத்த எண்கள் 10,000. ஒரு வெள்ளி போட்டால் சராசரியாக 66 காசு திரும்பும். சிறிய பந்தயத்தில் முதல் பரிசு 3,000 என்று பெரிதாகத் தெரியும். ஆனால் 2,000, 800 இரண்டோடு நின்றுவிடும். 58 காசுதான்.

முதல் பரிசு பத்தாயிரத்தில் ஒன்று, ஏதோ ஒரு பரிசு 435 இல் ஒன்று. ஆகவே "லாட்டரி" என்று ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டாம். பத்தாயிரத்தில் ஒன்றும் லாட்டரி, 29 கோடியில் ஒன்றும் லாட்டரி.

ரீல்காரன்

நான் சில ஆண்டுகள் ஸ்லாட் விளையாட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். வாத்தியார் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது.

பழைய இரும்பு எந்திரத்தில் மூன்று ரீல், ஒவ்வொன்றிலும் 20 நிறுத்தம் என்றால் மொத்தம் 8,000 வாய்ப்புகள். ஜாக்பாட் படம் ரீலுக்கு ஒன்று என்றால் 8,000 இல் ஒன்று. ஆடுபவன் கண்ணாலேயே எண்ணிவிடலாம். எந்திரம் வைத்தவனுக்கு அதில் ஒரு தொல்லை இருந்தது. 8,000 இல் ஒருமுறை விழும் ஜாக்பாட்டுக்கு 8,000 காசுக்கு மேல் கொடுத்தால் நஷ்டம். பெரிய பரிசு வேண்டுமென்றால் ரீலைப் பெரிதாக்க வேண்டும், பெரிய ரீலைப் பார்த்தால் ஆள் பக்கத்தில் வரமாட்டான்.

1984 இல் இங்கே டெல்னஸ் என்பவர் இதற்கு ஒரு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். எங்கே நிற்பது என்பதை ரீல் தீர்மானிக்காது, உள்ளே ஒரு சமவாய்ப்பு எண் நிரல் தீர்மானிக்கும். கண்ணுக்குத் தெரியும் ரீலில் 22 நிறுத்தம் இருக்கலாம், நிரலுக்குள் இருக்கும் ரீலில் 64 இருக்கலாம், 256 இருக்கலாம். ஜாக்பாட் படத்துக்கு அதில் ஒரே ஒரு எண். அதற்கு மேலும் கீழும் இருக்கும் வெற்றிடங்களுக்கு நிறைய எண்கள். அதனால்தான் ஜாக்பாட் படம் பரிசுக் கோட்டுக்கு ஒரு விரல் மேலேயோ கீழேயோ வந்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறீர்கள். நூலிழையில் தப்பியது போல் இருக்கும். அப்படித் தெரியும்படியே எடை போட்டிருக்கிறது.

ஆன்லைனில் ரீலே கிடையாது, படம் மட்டும். நீங்கள் பட்டனை அமுக்கிய நொடியே முடிவு வந்துவிட்டது. அதற்குப் பிறகு சுற்றுவதெல்லாம் சினிமா.

குமரன் கேட்ட ஜாக்பாட்டுக்கு வருகிறேன். பல தளங்களில் ஆடுபவர்களின் பந்தயத்திலிருந்து ஒரு துளியை எடுத்து ஒரே பானையில் சேர்ப்பது புரோகிரசிவ் ஜாக்பாட். ஆன்லைனில் பெயர்பெற்றது 2006 இல் வந்த மெகா மூலா. 2015 அக்டோபரில் பிரிட்டனில் ஒருவருக்கு 25 பென்ஸ் சுற்றில் 1 கோடியே 32 லட்சம் பவுண்டு விழுந்தது. உங்கள் நண்பர் இந்தக் கதையை நிச்சயம் சொல்லியிருப்பார். அதே விளையாட்டின் அடிப்படைத் திருப்பு விழுக்காடு 88 ஐ ஒட்டித்தான் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார். 95 வேறு விளையாட்டு, மில்லியன் ஜாக்பாட் வேறு விளையாட்டு. இரண்டையும் சேர்த்துப் பேசுவது விளம்பரக்காரர்களின் பழக்கம்.

தரைக் காசினோவில் இதற்கு அண்ணன் அமெரிக்க நெவாடா மாநிலத்தின் மெகாபக்ஸ். 1986 இல் தொடங்கியது. 2003 மார்ச்சில் லாஸ் வேகாஸ் எக்ஸ்காலிபர் காசினோவில் 3 கோடியே 97 லட்சம் டாலர் கொடுத்தது. அதன் வாய்ப்பு ஏறத்தாழ 5 கோடியில் ஒன்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அதுவும் சுற்றுக்கு 3 டாலர் முழுப் பந்தயம் வைத்தால்.

விருதுநகர் வாத்தியார்

5 கோடியா! அப்போது லோட்டோவும் மெகாபக்ஸும் ஏறக்குறைய ஒரே தெருவில்தான் இருக்கின்றன.

பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமென்றால் எத்தனை சுற்று என்று போட்டுப் பார்த்தேன். 5 கோடியை 0.693 ஆல் பெருக்கினால் மூன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. மணிக்கு 600 சுற்று வீதம், உறங்காமல் உண்ணாமல் ஆறரை ஆண்டு. செலவாகும் பந்தயம் 10 கோடி டாலருக்கு மேல். அப்படியும் பாதி வாய்ப்புதான்.

ரீல்காரன்

வாய்ப்பை வெளியிடாத விளையாட்டுக்கும் வெளியிலிருந்து ஒரு மதிப்பீடு போடலாம் வாத்தியாரே. இதை யாரும் சொல்லித்தருவதில்லை, அதனால் எழுதுகிறேன். எண்கள் உதாரணத்துக்கு எடுத்தவை.

பானை 10 லட்சம் பவுண்டில் தொடங்குகிறது என்று வையுங்கள். சராசரியாக 60 லட்சத்தில் விழுகிறது. ஆக இடையில் 50 லட்சம் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு பவுண்டு பந்தயத்திலிருந்தும் 5 பென்ஸ் பானைக்குப் போகிறது என்றால், இரண்டு ஜாக்பாட்டுக்கு நடுவே மொத்தம் 10 கோடி பவுண்டு பந்தயம் நடந்திருக்க வேண்டும். ஆகவே ஒரு பவுண்டுக்கு 10 கோடியில் ஒன்று, 2 பவுண்டுக்கு 5 கோடியில் ஒன்று, 25 பென்ஸுக்கு 40 கோடியில் ஒன்று. இந்த மாதிரி விளையாட்டுகளில் பெரும்பாலும் பந்தயம் ஏற ஏற ஜாக்பாட் வாய்ப்பும் அதே அளவில் ஏறும்.

லோட்டோ டிக்கெட் 2 பவுண்டு, நாலரைக் கோடியில் ஒன்று. பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பினாங்கு மணி

அப்போ ரெண்டும் சமம்னு முடிச்சிரலாமா?

ரீல்காரன்

ஒரு சுற்றுக்கு ஒரு டிக்கெட் என்று பார்த்தால் சமம் மாதிரித் தெரியும். குமரனின் நண்பர் சொன்ன 95 விழுக்காட்டை இன்னும் யாரும் தொடவில்லை, உண்மையான வேறுபாடு அங்கேதான்.

95 என்பது நீங்கள் போட்ட பணத்தில் அல்ல, சுற்றிய பணத்தில். 20 பவுண்டு போட்டு 50 பென்ஸ் வீதம் ஆடுகிறீர்கள். 40 சுற்றில் சராசரியாக 19 பவுண்டு மிஞ்சும். நிறுத்தினால் 95 விழுக்காடு உண்மை. யார் நிறுத்துகிறார்கள்? மிஞ்சிய 19 ஐ மறுபடி ஆடினால் 18.05. இப்படி 14 தடவை கையிலிருப்பதை முழுக்கச் சுற்றவிட்டால் 0.95 ஐ 14 முறை பெருக்கிக்கொள்ளுங்கள், 0.49 வரும். 20 பவுண்டு 9.75 ஆகிவிட்டது. மொத்தம் 410 சுற்று. நிமிடத்துக்கு 10 சுற்று என்றால் 41 நிமிடம்.

நண்பர் கேலி செய்யும் அந்தப் பாதிக்குப் பாதி லாட்டரியின் இடத்துக்கு, 95 விழுக்காட்டு ஸ்லாட் ஒரு மதியப் பிரேக்கில் வந்து சேர்ந்துவிடும். லாட்டரிக்கு அடுத்த குலுக்கல் சனிக்கிழமை. ஸ்லாட்டுக்கு அடுத்த குலுக்கல் ஆறு நொடியில்.

குமரன், நீங்கள் வாரத்துக்கு 4 பவுண்டு போட்டு சராசரியாக 2 பவுண்டை ஒட்டி இழக்கிறீர்கள். உங்கள் நண்பர் 50 பென்ஸில் ஒரு மணி நேரம் ஆடினால் 300 பவுண்டு சுற்றுகிறது. 5 விழுக்காடு 15 பவுண்டு. 88 விழுக்காட்டு ஜாக்பாட் விளையாட்டு என்றால் 36 பவுண்டு, அதிலும் ஒரு பகுதி பானைக்குப் போய் எப்போதோ யாருக்கோ விழும்.

கேட்விக் ராஜா

இவ்வளவு நேரம் படித்தேன். எல்லாம் ஏட்டுக் கணக்கு. நான் ஜாக்பாட் மீட்டரைப் பார்த்துத்தான் ஆடுவேன். வழக்கமாக 60 லட்சத்தில் விழும் பானை 1 கோடியைத் தாண்டினால் விழும் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

விருதுநகர் வாத்தியார்

ராஜா சார், அந்த நிரலுக்கு நேற்று என்ன நடந்தது என்று தெரியாது. 5 கோடியில் ஒன்று என்றால், 10 கோடி சுற்று வெறுமையாகப் போன பிறகும் அடுத்த சுற்று 5 கோடியில் ஒன்றுதான். பானை பெரிதானால் விழும்போது கிடைக்கும் தொகை பெரிது, அது உண்மை. விழும் வாய்ப்பு நெருங்குவதில்லை.

2009 செப்டம்பரில் பல்கேரிய லாட்டரியில் 4, 15, 23, 24, 35, 42 என்ற ஆறு எண்களும் அடுத்தடுத்த இரண்டு குலுக்கலில் வந்தன. விசாரணையே வைத்தார்கள். முதல் தடவை யாரும் ஜெயிக்கவில்லை, இரண்டாம் தடவை 18 பேர் அதே எண்களைப் போட்டு ஜெயித்தார்கள். "போன வாரம் வந்தது இந்த வாரம் வராது" என்று எத்தனை பேர் தவிர்த்திருப்பார்கள்!

ரீல்காரன்

ஒரு திருத்தம். "இந்தத் தொகைக்குள் கட்டாயம் விழும்", "இன்று இரவுக்குள் கட்டாயம் விழும்" என்று எல்லை போட்ட ஜாக்பாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் எல்லை நெருங்க நெருங்க வாய்ப்பு உண்மையிலேயே ஏறும். ராஜா சொல்வது அதற்குப் பொருந்தும். ஆனால் அவை சிறிய பானைகள், எல்லை நெருங்கும்போது எல்லோரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். எல்லை போடாத பெரிய ஜாக்பாட்டுக்கு வாத்தியார் சொன்னதே சரி.

கேட்விக் ராஜா

பார்த்தீர்களா, பொருந்தும் என்கிறார்.

செரங்கூன் செல்வம்

அவர் "சிறிய பானை" என்றதையும் படியுங்கள் ராஜா.

லாட்டரியில் ஆடுபவன் கையில் ஒரே ஒரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. ஜெயிக்கும் வாய்ப்பை மாற்ற முடியாது, ஜெயித்தால் எத்தனை பேரோடு பங்கு என்பதை மாற்றலாம். 1995 ஜனவரி 14 பிரிட்டன் குலுக்கலில் 7, 17, 23, 32, 38, 42 வந்தது. 1 கோடியே 63 லட்சம் பவுண்டு ஜாக்பாட்டை 133 பேர் பங்கு போட்டு ஆளுக்கு 1,22,510 பவுண்டு வாங்கினார்கள். சீட்டின் நடுப்பகுதியில் பரவிக் கிடக்கும் எண்கள் அவை. பேனா அங்கேதான் போகிறது. பிறந்தநாள் பார்த்துப் போடுபவர்கள் 31 க்குள் அடைந்து கிடக்கிறார்கள். நம்மவர்களுக்குக் கூட்டுத்தொகை 8 வந்தால் ஆகாது என்று இன்னொரு கட்டுப்பாடு.

விருதுநகர் வாத்தியார்

செல்வம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எண்கள் வெளிப்படையாக இருப்பதால் லாட்டரியைக் கணக்கால் மடக்கியவர்களும் இருக்கிறார்கள். 1992 இல் அமெரிக்காவின் வர்ஜீனியா லாட்டரியில் 44 இல் 6. மொத்தச் சேர்க்கைகள் 70,59,052, சீட்டு 1 டாலர். ஜாக்பாட் 2 கோடியே 70 லட்சமாக உருண்டிருந்தது. ஸ்டெபான் மாண்டெல் என்ற கணக்காளரின் கூட்டம் எல்லாச் சேர்க்கைகளையும் வாங்கப் புறப்பட்டது. நேரம் போதாமல் 50 லட்சத்தைத் தாண்டியதோடு நின்றது. அப்படியும் ஜாக்பாட் அவர்களுக்கே விழுந்தது. வாய்ப்பு எண் தெரியாத ஸ்லாட்டில் இந்த வேலையைத் தொடங்கவே முடியாது.

பினாங்கு மணி

லாட்டரிக்காரன் ஃபிராடு பண்ணமாட்டான்னு எல்லாரும் நம்புறீங்களே. அதையும் கேக்கணும்ல?

ரீல்காரன்

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் பல மாநில லாட்டரிகளுக்குக் கணினிப் பாதுகாப்புப் பார்த்த எடி டிப்டன், எண் எடுக்கும் நிரலிலேயே கை வைத்து, ஆண்டின் குறிப்பிட்ட சில நாட்களில் வரும் எண்களை முன்கூட்டியே அறியும்படி செய்துவைத்தார். 2010 டிசம்பரில் ஐயோவா மாநிலத்தில் அவர் வாங்கிய 1 கோடியே 65 லட்சம் டாலர் சீட்டுதான் காட்டிக்கொடுத்தது. கடை கேமராவில் உருவமும் குரலும் பதிவாகியிருந்தன. 2017 இல் சிறைத்தண்டனை. ஸ்லாட் பக்கம் ரான் ஹாரிஸ். நெவாடா அரசின் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எந்திரங்களைச் சோதிக்கும் ஆளே எந்திரத்துக்குள் நிரலை நுழைத்தார். 1995 இல் பிடிபட்டார்.

இரண்டு இடத்திலும் திருடியது உள்ளே இருந்தவர்கள். பந்து உருளும் எந்திரத்தை ஊர் பார்க்கக் குலுக்கும் லாட்டரியை நான் கொஞ்சம் அதிகம் நம்புவேன். அது என் அபிப்பிராயம்.

தறிக்காரன் திருப்பூர்

எங்கள் பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1968 இல் அண்ணா காலத்தில் அரசே பரிசுச் சீட்டு விற்றது, "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று. 2003 இல் தமிழ்நாட்டில் லாட்டரிக்கே தடை. ஆனாலும் ஓணம் வந்தால் இங்கிருந்து கேரள எல்லையிலுள்ள வாளையாறுக்கு வண்டி போகும்.

கேரள அரசின் ஓணம் பம்பர் சீட்டு 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. 2022 இல் 66 லட்சத்துக்கு மேல் விற்றது. ஒரு சீட்டுக்கு முதல் பரிசு வாய்ப்பு 66 லட்சத்தில் ஒன்று என்று வைத்தால் லோட்டோவைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. ஆனால் 25 கோடி முழுசாகக் கைக்கு வராது. முதலில் ஏஜென்ட் கமிஷன் 10 விழுக்காடு, மீதியில் 30 விழுக்காடு வரிப்பிடித்தம், 15 கோடியே 75 லட்சம். அதற்கு மேல் சர்சார்ஜ், செஸ் தனி.

இங்கே திருட்டுத்தனமாக நடக்கும் மூணு நம்பர் லாட்டரி வேறு. கேரள முடிவின் கடைசி மூன்று இலக்கம், ஆயிரத்தில் ஒன்று. ஆயிரம் மடங்கு எவனும் கொடுப்பதில்லை, கொடுக்காமல் ஓடினால் போலீசில் புகாரும் கொடுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் "கேரளா லாட்டரி ஆன்லைன்" என்று வருவதெல்லாம் மோசடி. கேரள அரசு காகிதச் சீட்டு மட்டும்தான் விற்கிறது.

ஆன்லைன் ஸ்லாட் இந்தியாவில் கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2022 சட்டம் இருக்கிறது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. வெளிநாட்டுத் தளத்தில் ஆடி ஜாக்பாட்டே விழுந்தாலும் எந்த முகத்தோடு போய் யாரிடம் கேட்பது?

ஈஸ்ட்ஹாம் குமரன்

எல்லோருக்கும் நன்றி. இன்று பிரேக்கில் அந்த 14 தடவைக் கணக்கைச் சொன்னேன். பையன் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆனா நடுவுல போனஸ் விழும்ல" என்றான். போனஸும் அந்த 95 க்குள்தானே?

ரீல்காரன்

ஆமாம் தம்பி. போனஸ் சுற்று, இலவசச் சுற்று எல்லாம் சேர்த்துத்தான் 95. பெரிய போனஸ் இருக்கும் விளையாட்டில் சாதாரணச் சுற்றுகள் அதற்கேற்ப இன்னும் வறண்டிருக்கும்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஒரே விளையாட்டை 96, 94, 92, 88 என்று பல திருப்பு விழுக்காட்டில் தயாரித்து விற்பார்கள், எது வேண்டும் என்று தளம் தேர்ந்தெடுக்கும். படம், பாட்டு, பெயர் எதுவும் மாறாது. பிரிட்டனில் உரிமம் பெற்ற தளம் அதைக் காட்டியாக வேண்டும், உதவிப் பக்கத்தின் அடியில் இருக்கும். தளம் மாறினால் மறுபடி பார்க்க வேண்டும். 2021 முதல் அங்கே ஒரு சுற்று இரண்டரை நொடிக்குக் குறையக் கூடாது, தானாகச் சுற்றும் வசதியும் கிடையாது. 2025 ஏப்ரலிலிருந்து ஒரு சுற்றுக்கு 5 பவுண்டு உச்சவரம்பு, மே மாதத்திலிருந்து 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 2 பவுண்டு. இதற்கு மேல் பந்தயம் வாங்கும் ஸ்லாட் தளத்துக்குப் பிரிட்டன் உரிமம் இருக்காது.

ஈஸ்ட்ஹாம் குமரன்

அவனுக்கு 23 வயது. சுற்றுக்கு 4 பவுண்டு வைத்து ஆடுவதாகப் போன வாரம்தான் பெருமை பேசினான். எந்தத் தளம் என்று நாளைக்கே கேட்கிறேன்.